சிரித்தால் மறுபடி தென்காசி

தென்காசி
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உமா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் சுகம். நீயும் லோகா மதினியும், அவர்கள் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

கடிதம் என்றதும் பதறாதே. யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் கூப்பிட்டால் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் "சரி, வைக்கட்டுமா" என்கிறாய். அதுவும் பக்கத்தில் மேனேஜர் உட்கார்ந்திருப்பதுபோல அடங்கின குரலில். வீடியோவில் வா என்றால் நெட் சரியில்லை என்கிறாய். காகிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது பார்.

சாரல் இந்த வருஷம் முன்கூட்டியே வந்துவிட்டது. துணி காயவில்லை. வேலைக்குப் போகும்போதே சேலை நனைந்துவிடுகிறது.

எங்கள் பிசியோதெரபி மையத்துக்குக் குற்றாலிங்கம் அண்ணாச்சி என்று ஒருவர் வருகிறார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. கையைத் தூக்குங்கள், பத்து எண்ணுங்கள் என்று மூன்று வாரம் கத்தினேன். மனிதர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் எனக்கே அலுத்துப்போய், "சரி அண்ணாச்சி, தாயம் ஆடுவமா?" என்று சோழியை எடுத்துப் போட்டேன். அவர் முறையில் மூன்று விழுந்ததை ஐந்து என்றார்.

"கள்ள ஆட்டம் ஆடுதிய!"

"யாரும்மா கள்ளன்? முப்பது வருசம் ஸ்டியரிங் பிடிச்சவன் நான். ஒரு கீறல் கிடையாது!"

கால் மணி நேரம் சண்டை. நான் பார்த்துவிடக் கூடாது என்று சோழிகளைத் தன் பக்கம் இழுத்து மறைத்தார். எந்தக் கையால் தெரியுமா? இடது கையால். மெதுவாகத்தான். ஆனாலும் இழுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில், கடைசியாக யாரோடு இப்படிச் சண்டை போட்டேன் என்று யோசித்தேன். உன்னோடுதான். அந்தப் பஸ் ஆட்டத்தில். கூடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர் எழுதுவாயே. தென்காசி, மேலகரம், குற்றாலம், ஐந்தருவி, கடைசியில் செங்கோட்டை. அதை இங்கே ஆடிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். விதியெல்லாம் மறந்துபோச்சு. நீ உண்டாக்கின ஆட்டம், உனக்குத்தான் தெரியும். எழுதி அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். மதினிக்கு என் அன்பு.

உன் தங்கை,
உமா மகேஸ்வரி


நாக்பூர்
27 ஜூன் 2025

அன்புள்ள உமா,

கடிதம் கிடைத்தது. அனைவரும் நலம். மாமியார் படுக்கையில்தான் இருக்கிறார்கள். லோகாவுக்கு அதிலேயே பொழுது சரியாகிவிடுகிறது.

நோயாளிகளை வைத்து விளையாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. யாராவது விழுந்தால் யார் பொறுப்பு? குறைந்தபட்சம் சுவரோரம் கைப்பிடிக் கம்பி போடு. தரை வழுக்காமல் இருக்க வேண்டும்.

விதிகள் எனக்கும் நினைவில் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் அதையெல்லாம் யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்?

இப்படிக்கு,
விஜயசங்கர்

பி.கு.: ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும், தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்கக் கூடாது. இரண்டு விசிலுக்குப் புறப்பட வேண்டும். குற்றாலம் கட்டத்தில் நின்றவர் தலையில் ஒரு டம்ளர் தண்ணீர். எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சிரித்தால் மறுபடி தென்காசி. கண்டக்டர் மட்டும் சிரிக்கலாம்.


தென்காசி
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தில் கடிதத்தைவிடப் பின்குறிப்புதான் எனக்குப் பிடித்தது. ஒன்றும் நினைவில்லாத ஆள் இத்தனை விதி எழுதியிருக்கிறாய்!

கம்பி போட்டாயிற்று. வழுக்காத தரைவிரிப்பு வாங்கி அதன்மேல் வெள்ளை நாடா ஒட்டிக் கட்டம் போட்டேன். தலையில் தண்ணீர் ஊற்ற முடியாது என்பதால், குற்றாலத்தில் நிற்பவர் முகத்தில் ஸ்பிரே பாட்டிலால் ஒரு பீச்சு. நொண்டி அடிக்கச் சொல்வதில்லை, கட்டத்துக்குக் கட்டம் காலைத் தூக்கி வைத்தால் போதும். குற்றாலிங்கம் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து விசில் அடிக்கிறார். "டிரைவரா இருந்த காலம் பூரா இந்த விசிலுக்குப் பயந்தே ஓட்டினேன். இப்பத்தான் கையில கெடச்சிருக்கு" என்கிறார்.

பேராச்சி என்று ஒரு அக்கா வருகிறாள். மார்க்கெட்டில் காய் விற்பவள், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவள். முதல் கட்டத்தில் கால் வைத்ததுமே சிரித்துவிடுவாள். ஒரு மணி நேரம் ஆடியும் மேலகரம் தாண்டவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் நடந்திருக்கிறாள். அதற்கு முன்னால் பத்து நிமிஷம் தாண்டினால் அழுவாள்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வருகிறது அண்ணே. சீசனுக்கு வந்த அத்தை பிள்ளைகள் எட்டுப் பேரும் கூடத்தில் வரிசையாக நிற்போம். நீ அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கண்டக்டர். எங்களைச் சிரிக்க வைக்க என்னவெல்லாம் செய்வாய்! ஒருநாள் கோயில் தர்மகர்த்தா தும்முவதுபோல் தும்மிக் காட்டினாய். வாசலில் அவரே வந்து நின்றார். அப்பாவுக்கு அடிக்கவும் முடியவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த அண்ணன் எங்கே போனான்? கோபித்துக்கொள்ளாதே. கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

ஆறு வருஷமாக நீ ஊருக்கு வரவில்லை. வா.

உன்,
உமா


நாக்பூர்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள உமா,

இங்கே வழக்கம்போல்தான். மழை பலமாக இருக்கிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் சாரலில் சளி பிடிக்காமல் இருக்கட்டும்.

அந்த அண்ணன் எங்கே போனான் என்று கேட்டிருந்தாய். நான்கு நாள் யோசித்தேன். பதில் எனக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். அப்போது வேறொரு கம்பெனி. ஒரு ஆற்றுப் பாலத்தின் முகப்புப் படத்தை நான் வரைந்தேன். பதினெட்டு நாள் வேலை. முடித்த அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். பென்சிலை எடுத்து, கைப்பிடிச் சுவர்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து மாம்பழம் தின்பதுபோல் சின்னதாக வரைந்தேன். நம் பேரருவிப் பாலத்தில் உட்கார்ந்திருக்குமே, அந்தக் குரங்கு. பிறகு அழிப்பதாக இருந்தேன், மறந்துவிட்டேன். படம் அப்படியே பிரதி எடுத்து அரசாங்கத்துக்குப் போய்விட்டது.

பெரிய அதிகாரி எல்லோரையும் ஹாலில் கூட்டினார். படத்தைச் சுவரில் மாட்டி என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "இதில் எது என்ஜினியர், எது குரங்கு என்று யாராவது சொல்லுங்கள்" என்றார். அறுபது பேர் சிரித்தார்கள். என் நண்பர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு முகத்தை இறுக்கிக்கொண்டேன். அது வசதியாக இருந்தது. யாரும் கிட்டே வரவில்லை. தப்பும் வரவில்லை. முப்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது என் கீழே இருபத்தாறு பேர். நான் வரும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

வேறு விசேஷமில்லை. லோகா எனக்குப் பட்டன் இல்லாத சட்டைகளாக வாங்கித் தந்திருக்கிறாள், போட எளிதாக இருக்கிறது. காலை நடையை விட்டுவிட்டேன். வேலை அதிகம்.

பேராச்சி அம்மா மேலகரம் தாண்டினார்களா?

அன்புடன்,
விஜயசங்கர்


தென்காசி
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பேராச்சி அக்கா நேற்று ஐந்தருவி வரை போய்விட்டாள். அங்கே போன சந்தோஷத்தில் சிரித்து, திரும்பத் தென்காசி வந்துவிட்டாள்.

குரங்குக் கதையை மூன்று முறை வாசித்தேன். அந்த ஹாலில் உன் பக்கத்தில் நான் நின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது.

இப்போது ஒன்று கேட்கிறேன். தங்கையாகவும் கேட்கிறேன், இந்தத் தொழிலில் இருபத்தைந்து வருஷம் இருப்பவளாகவும் கேட்கிறேன். நான் காலேஜ் விடுதியில் இருந்தபோது நீ எழுதிய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றை எடுத்து உன் இந்த இரண்டு கடிதங்களோடு வைத்துப் பார்த்தேன். வரி தொடங்கும்போது உன் எழுத்து பழையபடிதான் இருக்கிறது. போகப்போகச் சிறுத்து, முடிவில் கடுகாகிவிடுகிறது. பட்டன் இல்லாத சட்டைதான் போட எளிது என்று நீயே எழுதியிருக்கிறாய். போனில் உன் குரல் தாழ்ந்ததை ஆபீஸ் பிகு என்றுதான் இவ்வளவு நாள் நினைத்தேன். தினமும் இப்படிப்பட்ட குரல்களைக் கேட்கிறவள் நான். என் அண்ணன் குரலில் எனக்குத் தெரியவில்லை.

கை நடுங்குகிறதா? நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்குகிறதா? டாக்டரைப் பார்த்தாயா? உள்ளதை உள்ளபடி எழுது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
உமா


தென்காசி
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாலு வாரமாகிறது. போனை எடுத்தால் "நல்லா இருக்கேன்" என்கிறாய், உடனே மதினியிடம் கொடுத்துவிடுகிறாய். மதினி மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நான் கேட்டது தப்பென்றால் தப்பு என்று எழுது. அதற்காகவாவது எழுது.

உமா


நாக்பூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள உமாவுக்கு,

மதினி லோகநாயகி எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க குற்றாலநாதர் துணை இருக்கட்டும். உங்க அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எழுதுவது பாவமா புண்ணியமா என்று தெரியவில்லை. இனிமேலும் என்னால் ஒளித்துவைக்க முடியாது.

நீ நினைத்தது சரி. பார்க்கின்சன். கண்டுபிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. மாத்திரை சாப்பிடுகிறார்கள். யாருக்கும் சொல்லக் கூடாது, முக்கியமாக உமாவுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். "அவ கையில தெனம் அம்பது நோயாளி. நானும் ஒருத்தனாப் போய் நிக்கணுமா?" என்றார்கள்.

ஆபீஸிலும் தெரியாது. கையைப் பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். கதவு வாசலில் சில சமயம் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. லிப்ட் திறந்திருக்கும், இவர்கள் நகராமல் நிற்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள், சாருக்கு நம்மோடு ஏறப் பிடிக்கவில்லை என்று நினைத்துப் படியில் இறங்கிவிடுகிறார்களாம்.

உன் கேள்வி வந்த அன்று சாப்பிடவில்லை. கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஆனால் அதற்கு முந்தின உன் இரண்டு கடிதமும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. பேராச்சி கதையை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்கள். இந்த வீட்டில் அவர்கள் எதையும் வாசித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

எப்படியாவது ஊருக்குக் கூப்பிடு. அம்மாவை விட்டு என்னால் நகர முடியாது.

அன்புடன்,
லோகநாயகி


நாக்பூர்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள உமா,

லோகா எழுதியதைச் சொல்லிவிட்டாள். சத்தியத்தை மீறிவிட்டு அவளால் இரண்டு நாள்கூட இருக்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு போய்விட்டது.

நீ கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம்.

கை நடுங்குவதுகூடப் பெரிதில்லை. கதவில் நிற்பதும் பெரிதில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இந்த வியாதியில் முகத்தின் தசை இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னார். சந்தோஷம் வந்தாலும் முகத்தில் தெரியாதாம். போன மாதம் ஒரு பெண், என்னிடம் வேலை பார்ப்பவள், தன் குழந்தையை ஆபீஸுக்குக் கொண்டுவந்து காட்டினாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிரித்ததாகவே நினைத்தேன். குழந்தை என் முகத்தைப் பார்த்து அழுதது. அவள் "மன்னியுங்கள் சார்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

முப்பது வருஷம் இந்த முகத்தை நானாகத்தான் வைத்துக்கொண்டேன், உமா. எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ரிட்டயர் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. இப்போது கழற்றலாம் என்று பார்த்தால் அது வரவில்லை.

நீ வர வேண்டாம். என்னைக் கூப்பிடவும் வேண்டாம்.

விஜயசங்கர்


தென்காசி
5 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். கோபுர வாசலில் காற்று அடித்துத் தள்ளியது. அழுதால் யாருக்கும் தெரியாது என்று அங்கே போனேன்.

நீ மறைத்தாய் என்று உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒன்று மறைத்தேன். மே மாதம் எங்கள் மைய முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உமா மேடம் நேரத்துல வேண்டாம், அவங்க திட்டுதாங்கன்னு நாலு குடும்பம் சொல்லிட்டாங்க" என்றார். உண்மைதான். வலிக்கிறது என்பவர்களிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். வேலையை விட்டுவிடலாம் என்று கடிதம்கூட எழுதி வைத்தேன். அப்போதுதான் குற்றாலிங்கம் அண்ணாச்சி கள்ள ஆட்டம் ஆடினார். உனக்கு முதல் கடிதம் எழுதியது விதி கேட்க மட்டுமில்லை அண்ணே. பேச ஆள் வேண்டியிருந்தது.

நோயைப் பற்றி உனக்கு ஆறுதல் எழுத மாட்டேன். இது போகாது. ஆனால் மாத்திரையோடு நடையும் பயிற்சியும் சேர்ந்தால் நிறைய வருஷம் நன்றாக இருக்கலாம். அப்படி இருப்பவர்களை எனக்குத் தெரியும். முகத்துக்கும் பயிற்சி உண்டு.

நோயாளியாக வரவேண்டாம். இங்கே ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. விசில் அடித்தபோது ஒரு கால் கோட்டின்மேல் இருந்தால் எந்த ஊர்க் கணக்கு? குற்றாலிங்கம் அண்ணாச்சி பின்னூர் என்கிறார், பேராச்சி அக்கா முன்னூர் என்கிறாள். ஒரு வாரமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. "ஆட்டத்த உண்டாக்குனவரு உசிரோடதான இருக்காரு, கூட்டிட்டு வா" என்கிறார்கள். மாப்பிள்ளை சென்னை வரை வந்து உன்னை அழைத்துக்கொள்வார். அங்கிருந்து பொதிகை ரயிலில் டிக்கெட் போட்டாயிற்று. நவம்பர் 8.

உன் தங்கை,
உமா


தென்காசி
23 நவம்பர் 2025

அன்புள்ள மதினிக்கு,

அண்ணன் நன்றாக இருக்கிறான். மாத்திரை நேரம் தவறவில்லை. உங்கள் அம்மாவுக்கு இப்போது காய்ச்சல் எப்படி? போனில் அண்ணன் பக்கத்தில் இருப்பதால் எதையும் விரிவாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இது.

வந்த முதல் பத்து நாள் மையத்துக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டான். வீட்டில் பயிற்சி செய்தான், அதுவும் எனக்காக. செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சுவாக்கில், கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை, தரை அமைப்புக்கு அப்படித்தான் வந்தது என்று சொன்னேன். "அதெப்படி? ஒரே அளவுல இல்லன்னா ஆட்டமே தப்பு" என்று அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மையத்து வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டேப் வைத்திருந்த கை நடுங்குகிறது. பையில் ஒளிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. நான் போய்க் கையைப் பிடிக்கப் போனேன். குற்றாலிங்கம் அண்ணாச்சி தடுத்தார்.

"நீ விடும்மா. ஸ்டாப்புல நிக்கிற வண்டியப் போய்த் தள்ளுவாங்களா?"

பேராச்சி அக்கா கம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். மேசைமேல் இருந்த வெள்ளை நாடாவைக் கிழித்து, வாசற்படிக்கு உள்ளே ஒரு கோடாக ஒட்டினாள். அந்த இடுப்போடு எப்படிக் குனிந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, இது மேலகரம். கோட்டத் தாண்டி காலத் தூக்கி வைங்க. வேற ஒண்ணையும் பாக்காதிய."

குற்றாலிங்கம் அண்ணாச்சி இரண்டு விசில் கொடுத்தார். அண்ணன் காலைத் தூக்கி வைத்தான் மதினி. அடுத்த காலும் வந்தது. தரையில் கோடு இருந்தால் இப்படி நிற்கும் கால் நகரும் என்று நான் படித்திருக்கிறேன், பலருக்குச் செய்தும் இருக்கிறேன். வாசலில் நிற்பவன் என் அண்ணன் என்றதும் எனக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது.

உள்ளே வந்ததும் கட்டங்களை அளந்தான். இரண்டு கட்டத்தைப் பிரித்து ஒட்டவைத்தான். கோட்டின்மேல் கால் இருந்தால் பின்னூர்தான் என்று தீர்ப்புச் சொன்னான். பேராச்சி அக்காவுக்கு முகம் தொங்கிவிட்டது. பிறகு அவனையும் ஆட இறக்கினார்கள்.

சிரிக்க வைக்க எல்லோரும் என்னென்னவோ செய்தார்கள். பேராச்சி அக்கா மார்க்கெட்டில் பேரம் பேசும் ஆட்களைப்போல் பேசிக் காட்டினாள். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அண்ணன் முகத்தில் ஒரு அசைவில்லை. நேராகச் செங்கோட்டை போய்விட்டான். இரண்டாவது ஆட்டமும் அவன்தான். மூன்றாவதும் அவன்தான்.

"என்னண்ணாச்சி, நான் செய்யுதது ஒண்ணும் நல்லாயில்லையா?" என்று அக்கா வருத்தமாகக் கேட்டாள்.

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "இந்த மூஞ்சி ஒரு வியாதிம்மா. சிரிச்சாலும் வெளிய தெரியாது. இத வச்சிக்கிட்டு நான் ஆடுனா என்னைய எவனும் ஜெயிக்க முடியாது" என்றான்.

சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

பேராச்சி அக்காதான் கேட்டாள். "அப்ப உள்ளுக்குள்ள சிரிக்கியளா?"

"வயிறு வலிக்கி."

"எத்தன தடவ?"

"நீ வாயத் தொறந்ததுல இருந்து."

"பாத்தியளா அநியாயத்த! கள்ளத்தனமா செங்கோட்ட போயிருக்காரு! மூணு ஆட்டமும் செல்லாது. மறுபடி தென்காசி!"

குற்றாலிங்கம் அண்ணாச்சி ஒரே விசிலாக ஊதித் தள்ளினார். அண்ணன் திரும்பி, ஒவ்வொரு கோடாகத் தாண்டி முதல் கட்டத்தில் வந்து நின்றான். அன்றைக்கு அவன் எத்தனை தடவை போய்வந்தான் என்று நான் எண்ணவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் அப்படியேதான் இருந்தது. கண் ஓரத்தில் மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சிறுவயதில் அடக்க முடியாமல் சிரிக்கும்போது அவனுக்கு அப்படித்தான் வரும்.

நேற்று ஐந்தருவிக்குப் போனோம். சபரிமலைக்கு மாலை போட்ட சாமிமார் கூட்டம். பாறை வழுக்கும் என்று நான் அவனைக் குளிக்க விடவில்லை. ஓரமாக நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து என் கழுத்தில் சில்லென்று தண்ணீர். திரும்பினால் அண்ணன் அருவியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், ஒன்றும் தெரியாதவன்போல. கை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அடுத்த வாரம் புறப்படுகிறான். நீங்கள் சத்தியத்தை மீறியது புண்ணியம்தான் மதினி.

அன்புடன்,
உமா


நாக்பூர்
28 டிசம்பர் 2025

அன்புள்ள உமா,

நாங்கள் மூன்று பேரும் சுகம். நீ, மாப்பிள்ளை, உன் பஸ் பயணிகள் எல்லோரும் எப்படி?

இந்தத் தாளைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். நீ சொன்னபடி நாலு கோடு நோட்டு வாங்கிவிட்டேன். கோட்டுக்குள் எழுதினால் எழுத்து சிறுக்கவில்லை. கடைக்காரர் குழந்தை எத்தனையாவது படிக்கிறது என்று கேட்டார். ஒன்றாம் வகுப்பு, மூன்றாவது வருஷமாக அதிலேயே இருக்கிறான் என்றேன். பாவம், அவர் என்னை நிரம்ப ஆறுதல்படுத்தி, ஒரு பென்சில் இலவசமாகக் கொடுத்தார்.

ஆபீஸில் சொல்லிவிட்டேன். இருபத்தாறு பேரையும் கூட்டி, "இனி என் முகத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், இதற்கு இப்போது டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறது" என்றேன். முதலில் குழந்தையைக் கொண்டுவந்தாளே, அந்தப் பெண் அனகா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை நானும் அவர்களோடு சிரித்தேன். தெரிந்ததோ இல்லையோ, சிரித்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. வரைபடங்களில் கடைசிக் கையெழுத்தை ஏப்ரலோடு அனகாவிடம் ஒப்படைக்கிறேன். நானாகத்தான் சொன்னேன். சொன்ன அன்றைக்குத் தூக்கமில்லை. போன வாரம் குளியலறையில் விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்புதான். கம்பி போடச் சொல்லி உனக்கு எழுதியவன் என் வீட்டில் போடவில்லை. நாளைக்கு ஆள் வருகிறது.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். லோகா அடுக்களையில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கூப்பிட்டார்கள் என்று பாதியில் எழுந்து போனாள். நான் சல்லடையைக் கையில் எடுத்தேன். எடுத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன், கை தானாகவே ஆட ஆரம்பித்தது. மாவு சரசரவென்று இறங்குகிறது. அவள் திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தாள். பழைய ஆளாக இருந்தால் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பேன்.

"லோகா, இனிமே சலிக்கிற வேலைய எங்கிட்ட விட்ரு. கரண்டுகூட வேண்டாம்" என்றேன்.

அவள் சிரிக்கக் கூடாது என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துப் பார்த்தாள். அடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து மூச்சு முட்டும்போது அவளுக்குக் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது உமா, சின்னப் பிள்ளை மிதித்த பொம்மைபோல. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"இது எங்கன இருந்தது இத்தன நாளா?" என்றேன்.

"இங்கனதான்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மாவில் பாதி தரையில் கொட்டிப் போயிருந்தது. அது கிடக்கட்டும் என்று இன்னொரு தடவை சல்லடையை எடுத்தேன்.

எல்லோருக்கும் என் விசாரிப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்